முதலில் உடும்பை வரையுங்கள்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்த மைத்துனர், "இந்த ஊர்ல கட்டடத்தை விட்டா வரையறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் வாதாடவில்லை. மறுநாள் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்குப் பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலக் காட்டுக்குக் கூட்டிப் போனேன். பலகை நடைபாதைக்குக் கீழே, வெயில் விழுந்த சேற்றுத் திட்டில் ஒரு பெரிய உடும்பு வயிற்றைப் பரப்பிக் கிடந்தது. அரை மணி நேரம் நின்றோம். அது நாக்கை மட்டும் நாலைந்து முறை நீட்டியது. அதற்குள் நான் மூன்று கோட்டுப்படம் போட்டுவிட்டேன். மைத்துனர் கைப்பேசியில் முப்பது படம் எடுத்துவிட்டு, "இதைவிட நல்ல மாடல் எங்க கிடைக்கும்!" என்றார்.

பள்ளிக்கூடத்தோடு தூரிகையைக் கீழே வைத்தவர்கள், இங்கே வேலைக்கு வந்து வார இறுதியில் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள், யூடியூப் பார்த்து வண்ணப்பெட்டி வாங்கிவிட்டு அதைத் திறக்காமலே வைத்திருப்பவர்கள்: உங்களுக்காகத்தான் இது. நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன் அல்ல. தெம்பனிஸில் குடியிருந்து, கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டு, பல வருடமாக இந்தச் சேற்றையும் கோழிகளையும் வரைந்து வருகிறவன். செய்த தப்புகள் நிறைய. அவற்றில் சிலவற்றையாவது நீங்கள் தவிர்க்கலாம்.

இடம்: ஒன்றே ஒன்று

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரம் சுங்கை பூலோ, அடுத்த வாரம் மெக்ரிட்சி, மூன்றாம் வாரம் புலாவ் ஊபின் என்று பட்டியல் போடுகிறார்கள். நாலாம் வாரம் கால் வலிக்கிறது, விட்டுவிடுகிறார்கள். அப்படி வேண்டாம். வீட்டிலிருந்து நடந்தோ ஒரே பேருந்திலோ போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மாதம் அங்கே மட்டும் போங்கள்.

ஈசூனில் இருந்தால் கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கக் கரை. ஜூரோங் என்றால் ஜூரோங் ஏரித் தோட்டம். பொங்கோல்காரர்களுக்குக் கோனி தீவு. பீஷான், அங் மோ கியோ வாசிகள் கொடுத்து வைத்தவர்கள்: காங்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றை 2012இல் புல்லும் பாறையுமாக வளைந்து ஓடும் ஆறாகத் திருப்பிவிட்டார்கள். நீர்நாய்க் குடும்பங்கள் அங்கேதான் பெயரெடுத்தன.

அதுவும் தூரம் என்றால், உங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரமே போதும். எங்கள் மாடியில் ஒரு வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் தேன்சிட்டு கூடு கட்டியது. நார், காய்ந்த இலை, சிலந்தி வலை எல்லாவற்றையும் வைத்துப் பின்னிய ஒரு தொங்கும் பை. ஒருபக்கம் சிறு வாசல், அதற்கு மேலே திண்ணைக் கூரைபோல ஒரு நீட்டல். மூன்று வாரம், வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் ஐந்து நிமிடம் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடி வரைந்தேன். பெண் சிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வாசலுக்கு வெளியே அலகு மட்டும் தெரியும். அந்த அலகின் வளைவைச் சரியாகப் போட எனக்குப் பதினோரு நாள் ஆனது.

ஒரே இடத்துக்குத் திரும்பப் போவதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் தடவை கண்ணில் படுவது 'மரம், தண்ணீர், பறவை'. நாலாவது தடவை எந்த மரத்தில் எந்தப் பறவை எத்தனை மணிக்கு வந்து உட்காரும் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு வரைவது பாதி சுலபம்.

பையில் என்ன வைக்கலாம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் நிற்கும் நேரத்தில் ஒரு படம் போட்டுவிடலாம். ஏ5 அளவில் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள, தடித்த நீர்வண்ணத் தாள் கொண்ட ஒரு புத்தகம், 2பி பென்சில், தண்ணீர் பட்டால் கரையாத கறுப்புப் பேனா, பன்னிரண்டு வண்ணச் சிறு பெட்டி, பிடியிலேயே தண்ணீர் நிரப்பும் தூரிகை ஒன்று, பழைய பருத்தித் துணி, புத்தகத் தாள் காற்றில் பறக்காமலிருக்க இரண்டு கிளிப். தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம்போல நெளியும்.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் கடைகள் இருக்கின்றன. தொட்டுப் பார்த்து வாங்கலாம். முக்காலி, மடக்கு மேசை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொசு விரட்டி மறந்தால் மட்டும் அன்றைய வேலை கெட்டது.

நேரமும் நீர்மட்டமும்

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை தூரம்கூட இல்லாத இடம். வருடம் முழுக்கச் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போகும். பத்தரைக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறி, நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். மரத்தின் உருண்டையைக் காட்டும் பக்கநிழல் ஏழேகாலிலிருந்து ஒன்பதரை வரைக்கும், சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறே முக்கால் வரைக்கும்தான். அந்திக்கு இங்கே ஆயுசு குறைவு, ஏழரைக்கு இருட்டு.

கடலோரம், சதுப்புநிலம் என்றால் கடிகாரத்தைவிட நீர்மட்டம் முக்கியம். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அட்டவணை இணையத்தில் கிடைக்கும். இன்னொரு வழி நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது: தினசரி நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி எப்போதென்று பாருங்கள். அவற்றை ஒட்டிய நாட்களில்தான் தண்ணீர் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். என் மனைவி விரதத்துக்குப் பார்ப்பதை நான் மட்ஸ்கிப்பருக்குப் பார்க்கிறேன்.

வற்றும்போது போனால் சேறு முழுக்க உயிர். மட்ஸ்கிப்பர் என்பது மீன்தான், ஆனால் தலைமேல் துருத்திய கண்ணும், முழங்கை ஊன்றினாற்போல முன்துடுப்பும் வைத்துக்கொண்டு சேற்றில் நடக்கும். ஏறும்போது போனால் சேறு மறைந்து, மர வேர்களின் பிம்பம் தண்ணீரில் விழும். ஒரே இடம், இரண்டு வேறு ஓவியம்.

மழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல் கூரைக்கு ஓடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

உடும்பைத் தேடுங்கள். காலை வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளக் கிடக்கும், அவசரமே படாது. முதலில் பென்சிலை எடுக்காமல் இரண்டு நிமிடம் பாருங்கள். அப்புறம் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரே வளைகோடு. அந்தக் கோட்டின்மேல் உடம்புக்கு ஒரு நீள்வட்டம், தலைக்கு ஓர் ஆப்பு வடிவம். கால்கள் எங்கே மடங்குகின்றன என்று நாலு புள்ளி. செதில்களைத் தொடவே தொடாதீர்கள். புதியவர்கள் எல்லாரும் கவிழ்வது அங்கேதான்: செதில் செதிலாக வரைந்து, கடைசியில் முதலையும் அன்னாசிப்பழமும் கலந்த ஒன்று வந்து நிற்கும்.

உடும்பு கைக்கு வந்ததும் நாரை. சாம்பல் நாரை ஒற்றைக் காலில் நின்றால் நின்றதுதான். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அலகின் நீளத்தை அளந்து, அது தலையின் நீளத்தைவிட எத்தனை மடங்கு என்று பாருங்கள். நாம் எல்லாரும் அலகைக் குட்டையாகவும் தலையைப் பெரிதாகவும் போடுவோம். கழுத்தை 'S' போல மடக்கியிருக்கும்போது, அந்த மடிப்புக்கு உள்ளே இருக்கும் வெற்றிடத்தை வரையுங்கள். கழுத்து தானாக வரும்.

மூன்றாவது காட்டுக்கோழி. பாசிர் ரிஸில் அதற்குப் பஞ்சமே இல்லை. சாம்பல் நிறக் காலும், காதருகே வெள்ளைத் திட்டும் இருந்தால் அசல் காட்டுக்கோழியின் சாயல். ஆனால் ஒரு நொடி நிற்காது. இதற்கு ஒரு வேலை செய்யலாம்: ஒரே பக்கத்தில் ஆறு படத்தை ஒன்றாகத் தொடங்குங்கள். கொத்தும்போது ஒன்று, நிமிரும்போது ஒன்று, சிறகு அடிக்கும்போது ஒன்று. அது நிலை மாறியதும் பாதியில் விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள். கோழி அதே நிலைக்குத் திரும்பி வரும், பழையதைத் தொடருங்கள். எந்த உயிரினமும் பத்துப் பன்னிரண்டு நிலைகளைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறது.

ஒரு நாள் இப்படி உட்கார்ந்திருக்கும்போது நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கோழியையா வரையிறீங்க? தேக்கா சந்தைக்குப் போனா வரிசையா தொங்குமே!"

"அது அசையாதுங்க ஐயா."

"அசையாததுதானே சுலபம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைவீசிப் போய்விட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அசையாததை வரைந்து பழக விரும்பினால், கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015இல் திறந்த லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. பாடம் செய்த பறவைகளைக் குளிர்சாதன அறையில் நின்று இறகு இறகாகப் பார்க்கலாம். கட்டணம் உண்டு.

பச்சை என்னும் தலைவலி

இந்த ஊரை வரையத் தொடங்கும் எவரும் மூன்றாவது படத்தில் மாட்டிக்கொள்வது பச்சையில்தான். பெட்டியில் இருக்கும் பச்சையை அப்படியே எடுத்துப் பூசினால் காடு பிளாஸ்டிக் பூந்தொட்டி மாதிரி இருக்கும். நான் ஒரு வருடம் அப்படித்தான் பூசினேன்.

ஒரு மழைநாளில் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். மூன்று நீலம்: அல்ட்ராமரின், தாலோ, இண்டிகோ. மூன்று மஞ்சள்: லெமன், கேம்போஜ், யெல்லோ ஆக்கர். ஒவ்வொரு நீலத்தையும் ஒவ்வொரு மஞ்சளோடு கலந்து ஒன்பது கட்டம் போடுங்கள். தாலோவும் லெமனும் சேர்ந்தால் வாழைக் குருத்து. அல்ட்ராமரினும் ஆக்கரும் சேர்ந்தால் மங்கிய, தூசி படிந்த பச்சை. அலையாத்திக் காட்டுக்கு அதுதான். இண்டிகோவும் கேம்போஜும் மழைக்காட்டின் உள்பக்க இருட்டு. அப்புறம் ஒவ்வொன்றிலும் தூரிகை நுனியளவு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேர்த்து இன்னொரு ஒன்பது. இந்தத் தாளைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே போய், எதிரே இருக்கும் இலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். எந்தக் கட்டம் என்று கண்ணே சொல்லும்.

அடுத்தது, பச்சை அல்லாததைத் தேடுவது. மாங்கொழுந்து செம்புநிறத்தில் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்குள்ள காட்டு மரங்கள் பலவற்றிலும் கொழுந்து சிவந்துதான் வரும். நாட்டு வாதுமை இலை உதிரும் முன் ரத்தச் சிவப்பாகும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் மழைக்கு முன்னும் மாலையிலும் இலை மூடிக்கொண்டதும், நடுவில் வானம் துண்டு துண்டாகத் தெரியும். ஒரு படத்தில் மூன்று இடத்தில் சிவப்போ பழுப்போ இருந்தால் மிச்சப் பச்சை எல்லாம் மூச்சு விடும்.

தண்ணீர் நீலம் அல்ல. இதை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பாசிர் ரிஸ் ஓடையில் ஓடுவது தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீரின் நிறம். ஆக்கரில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா, நிழலுக்கு அல்ட்ராமரின். ஈரச் சேற்றின் பளபளப்புக்கு வெள்ளை வண்ணம் தேவையில்லை, அந்த இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுங்கள்.

வேர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: சில மரங்கள் ஊன்றுவேர்களைச் சிலந்திக் கால்போல வளைத்து இறக்கும், சில மரங்கள் மூச்சுவேர்களைப் பென்சில் பென்சிலாகச் சேற்றிலிருந்து மேலே நீட்டும். ஊன்றுவேர்க் கூட்டத்தை வரைய உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும். வேர்களை விட்டுவிடுங்கள். நடுவில் தெரியும் ஓட்டைகளை மட்டும், முக்கோணம் முக்கோணமாக, இருட்டு வண்ணத்தில் நிரப்புங்கள். மிஞ்சி நிற்பது வேர்.

ஈரப்பதம்

விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்; மழையில்லாத நாளில் பிற்பகல் 60 வரை இறங்கும். வரைகிறவருக்கு இதன் பொருள், காலையில் பூசிய வண்ணம் காயவே காயாது. காய்ந்துவிட்டதென்று இரண்டாம் பூச்சைப் போட்டால் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். தண்ணீரைக் குறையுங்கள். எதிரெதிர் பக்கங்களில் இரண்டு படம் வைத்துக்கொண்டு மாறி மாறி வேலை செய்யுங்கள். அவசரப்படுகிறவர்கள் குவாஷ் எனும் கெட்டியான, ஒளி ஊடுருவாத நீர்வண்ணம் பழகலாம்.

வண்ணப்பெட்டியை ஈரத்தோடு மூடிப் பையில் போட்டு, இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு குழியிலும் சாம்பல் நிறப் பூஞ்சை. கிட்டத்தட்டப் புதுப் பெட்டி. வீட்டுக்கு வந்ததும் காத்தாடிக்குக் கீழே ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். தாள்களைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம்.

கொஞ்சம் தூரம் போக

ஆறு மாதம் ஆகிவிட்டதா? சரி, இப்போது சுங்கை பூலோவுக்குப் போகலாம். 1993இல் பூங்காவாகத் திறந்து, 2002இல் இயற்கை வனப்பகுதியாக அறிவித்த இடம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்கும். கோடியக்கரைப் பக்கத்துக்காரர்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். தனித்தனிப் பறவையாக வரைய முயலாமல், கூட்டம் சேற்றில் நிற்கும் அந்த வரிசையைப் புள்ளிகளாகப் போடுங்கள். முதலைகளும் உண்டு, பாதையை விட்டு இறங்காதீர்கள்.

புலாவ் ஊபினுக்குச் சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். அந்தத் தீவின் கடலோரச் சதுப்புப் பகுதியான செக் ஜாவாவுக்கு நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். அங்கே இருவாச்சி பார்க்கக் கிடைக்கும். சிங்கப்பூரில் நூறாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்த பறவை 1994இல் ஊபினில் திரும்பத் தென்பட்டது. கறுப்பு வெள்ளை உடம்பு, மஞ்சள் அலகு, அலகின்மேல் கொம்பு. மூன்றே வண்ணம் என்பதால் புதியவர்கள் துணிந்து இறங்கலாம். கறுப்பை நேரடியாக எடுக்காமல் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் அழுத்தமாகக் கலந்தால் இறகில் உயிர் இருக்கும்.

பிறர் வரைந்ததைப் பார்ப்பது

முதல் ஓவியக்கூடம் உங்கள் பணப்பையில் இருக்கிறது. ஐம்பது வெள்ளி (டாலர்) நோட்டைத் திருப்புங்கள். கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள். சென் வென் சி வரைந்தது. குரங்கின் அசைவைக் கற்க வீட்டிலேயே கிப்பன் வளர்த்தவர் அவர். பக்கத்திலேயே சியோங் சூ பியெங்கின் கருவாடு காய வைக்கும் பெண்கள். ஐந்து வெள்ளி நோட்டில் ஒரு தெம்புசு மரம், தாழ்வாக நீண்ட கிளையோடு. அந்த மரம் இன்னும் பூமலையில், அதாவது தாவரவியல் தோட்டத்தில் நிற்கிறது. 1859இல் தோட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்து, நோட்டுக்கு வரைந்தவர் எதையெல்லாம் விட்டிருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஓவியத்தில் விடுவது எப்படி என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில், சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் நிர்வாகி வில்லியம் ஃபார்குவார் திரட்டிய 477 நீர்வண்ணப் படங்கள் உள்ளன. அவர் மலாக்காவில் இருந்தபோது, பெயர் தெரியாத சீன ஓவியர்கள் வரைந்த செடிகளும் விலங்குகளும். இணையத்திலும் பார்க்கலாம். ஒன்றைத் தேர்ந்து அப்படியே நகல் எடுத்துப் பாருங்கள். ஓர் இலையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வேறு வேறு பச்சையில் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது நகல் எடுக்கும்போதுதான் கண்ணில் படும். மிளகாயும் மஞ்சாடி விதையும் சிற்பமானால் எப்படி இருக்கும் என்று பார்க்க, சிற்பி குமாரி நாகப்பனின் வேலைகளைத் தேடுங்கள். நாம் பல்லாங்குழிக்குப் பொறுக்கிய அதே சிவப்பு விதை.

துணை வேண்டும் என்றால் அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழுவினர் மாதந்தோறும் ஓரிடத்தில் கூடி வரைகிறார்கள். யாரும் உங்கள் படத்துக்கு மார்க் போட மாட்டார்கள்.

செய்யக் கூடாதவை

காட்டுயிர்களுக்குத் தீனி போடாதீர்கள். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடியும் என்றால் 10,000 வரை. பறவை கிட்டே வரட்டும் என்று ரொட்டி வீசுவது, கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்குவது, குரலைக் கைப்பேசியில் போட்டு வரவழைப்பது எல்லாமே ஒரே வகைத் திருட்டு. பூவோ விதையோ பறித்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், படமாகக் கொண்டுவாருங்கள். குரங்கு இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பை வெளியே தெரியக் கூடாது. உள்ளே தூரிகைதான் இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. நீர்நாய்க் கூட்டத்தில் குட்டி இருந்தால் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். பலகைப் பாதை குறுகலானது, நடுவில் முக்காலி போடாமல் அகன்ற இடத்திலோ கூரைக்குக் கீழோ ஒதுங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வெளியில் போட்டது குறிப்பு. பெரிய ஓவியத்தை வீட்டு மேசையில் செய்யலாம். ஆனால் அன்றைக்கே உட்காராதீர்கள், ஒரு வாரம் போகட்டும். கைப்பேசிப் படத்தை இறகு எண்ணிக்கை, கால்விரல் மாதிரியான சந்தேகங்களுக்கு மட்டும் திறந்து பார்த்து மூடிவிடுங்கள். கேமரா எல்லாப் பச்சையையும் ஒன்றாக்கிவிடும். உங்கள் கோட்டுப்படம் அப்படிச் செய்யாது.

சட்டம் போடக் கொடுக்கும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவே அட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் இந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பழுப்புப் புள்ளி விழும். கொடுப்பதற்கு முன் தாளின் பின்பக்கம் பென்சிலால் தேதி, இடம், மணி, நீர் ஏற்றமா இறக்கமா என்று எழுதிவிடுங்கள். மைத்துனர் வந்த அன்று போட்ட உடும்புக்குப் பின்னால் நான் எழுதியிருப்பது: 'பாசிர் ரிஸ், காலை 9.20, நீர் வற்றுகிறது, வால் நீளம் போதவில்லை.'